பவதாரிணி தொட்ட கம்ப்யூட்டர்

பவதாரிணி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் விசிறி, விளக்கு, அதே கறுப்பு. பதினோரு மணிக்கு அவளுக்குத் தேர்வு. அந்தத் தேர்வை இந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுதியாக வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு கட்டட நிறுவனம், வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஒரு வீட்டின் வரைபடத்தை முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணாநகரில் ஓர் இன்ஜினியரிடம் அவள் பார்த்த வேலையும் அதுதான். கோச்சடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டும் முடிந்த பாடில்லை. தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற மாமனார் கண்ணுச்சாமி இந்தத் தேர்வுக்குச் சம்மதித்ததே அதிசயம். சும்மா சம்மதிக்கவில்லை. "ஒரு தடவ எழுதிப் பாரு. வரலைன்னா அதோட விட்ரணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் தலையாட்டினார்.

அந்த நிறுவனத்தின் மென்பொருளோ பெரியது. பழைய ரேமை வைத்துக்கொண்டு அதைத் திறக்கவே கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. அதனால் புது ரேம் ஒன்று வரவழைத்தாள். சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பட்டை. அதன் அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அவை போர்டில் உள்ள பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்தால்தான் கம்ப்யூட்டருக்கு நினைவு வரும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் போதும். கல்லூரி நாளிலிருந்து அவள் செய்து பழகிய வேலை அது. கடைக்காரனைக் கூப்பிடாமல் அவளே மாட்டினாள். அதுதான் அந்த வீட்டில் குற்றமாகிப் போயிற்று.

"என்னம்மா, வரலையா?" என்று கண்ணுச்சாமி வாசலில் வந்து நின்றார். வரவில்லை என்பதைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆவல்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா."

"டவுன்ஹால் ரோட்டுக் கடையில குடுத்திருந்தா அவென் கச்சிதமா மாட்டிக் குடுத்திருப்பான். கேட்டாத்தானே. எல்லாம் எனக்குத் தெரியும்னா இப்பிடித்தான்."

அவள் கணவன் சிவபாண்டி பக்கத்தில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். மனைவியின் தேர்வுக்காகவே லீவு போட்டிருப்பதாகக் காலையிலிருந்து போனில் ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அப்பா பேசியபோது அவன் டார்ச்சை இன்னும் கவனமாகப் பிடித்தான்.

பவதாரிணி ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினாள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று விழுந்தது. திரை கறுப்பு. மானிட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கறுப்பு. போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியை எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அப்போதும் கறுப்பு. கடைசியில் புது ரேமே வேண்டாம், தேர்வில் மூச்சு வாங்கினாலும் வாங்கட்டும் என்று பழையதை எடுத்து அதே பள்ளத்தில் மாட்டினாள். நேற்று இரவு வரை ஓடிய கம்ப்யூட்டர், பழைய ரேமுக்கும் கண் திறக்கவில்லை.

"இருந்ததும் போச்சா?" என்றார் கண்ணுச்சாமி. "பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்சிருச்சு." பிறகு கூடத்துக்குப் போய், முந்தின நாளே திருவாதவூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் போட்டார். "ஒம் மருமக கம்ப்யூட்டரக் கொன்னுட்டா. ஆம்பள ஒருத்தன் வீட்டுல இருக்கையில இவளுக்கு எதுக்குத் திருப்புளி?" என்று அவர் சொன்னது அறைக்குள் தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

பவதாரிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் சிவபாண்டி இன்வெர்ட்டரைத் திறந்து புகை வரவழைத்தானே, அப்போது யார் அவனை ஒரு சொல் சொன்னது? மொத்த வீடும் கூடி இன்வெர்ட்டர் செய்தவனைத்தான் வைதது. ஆம்பிளை தொட்டுக் கெட்டால் சாமான் மோசம், பொம்பிளை தொட்டுக் கெட்டால் பொம்பிளை மோசம். இது என்ன நியாயம் என்று கேட்டால், அதற்கும் வாய் நீளம் என்பார்கள். அவள் கேட்கவில்லை. கேட்கவும் நேரமில்லை.

புது ரேமை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, பற்கள் தங்க நிறத்தில்தான் இருந்தன. ஆனால் ஓர் ஓரத்தில் மட்டும் மினுமினுப்பில்லை. நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்.

வெள்ளிக்கிழமை என்பதால் வீடு முழுக்கச் சந்தன வாசம்தான். அதில் இது தனியாகத் தெரியவில்லை. எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் இடுவது அந்த வீட்டு வழக்கம். பைக்குக்கு வைத்தார்கள், ஃபிரிட்ஜுக்கு வைத்தார்கள், குடிதண்ணீர் மெஷினுக்கும் வைத்தார்கள். அவளுக்கும் அதில் ஒரு மறுப்பும் கிடையாது. கேட்டிருந்தால் பெட்டியின் நெற்றியில் அவளே வைத்திருப்பாள். கேட்காமல் பல்லில் கொண்டுபோய் அப்பினால், அது காய்ந்து, பள்ளத்துக்குள்ளும் உதிர்ந்து, அதில் மாட்டிய பழைய ரேமிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படிக் கண் திறக்கும்?

"இதுல யாரு சந்தனம் வச்சது?" என்று கேட்டாள்.

டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது. "அம்மா வச்சிருப்பாங்க" என்றான் சிவபாண்டி.

"அத்தை நேத்து மத்தியானமே கெளம்பிட்டாங்க. இது வந்தது நேத்துச் சாயங்காலம்."

அவன் டார்ச்சை அணைத்தான். "காலைல கும்பிடும்போது ஒரு பொட்டுதான் வச்சேன் பவா. உனக்கு நல்லபடியா நடக்கணும்னுதான். கம்பெனிப் பேரு போட்ட எடத்துல வச்சா அழுக்காகும்னு அடியில வச்சேன்."

"வச்சது தப்பில்ல. தெரியாம வச்சீங்க. ஆனா மெஷின் வரலைன்னதும் ஞாபகம் வந்திருக்கும்ல? ஏன் சொல்லல?"

"அப்பா கோவமா இருந்தாரு."

"அந்தக் கோவம் எம்மேல விழுந்துச்சு. நீங்க வெளிச்சம் காட்டிக்கிட்டு நின்னீங்க."

பவதாரிணி மேசை டிராயரைக் கலைத்து ஒரு ரப்பரை எடுத்தாள். பென்சில் எழுத்தை அழிப்பது போல அந்தப் பற்களை அழுத்தித் தேய்த்தாள். பழைய ரேமையும் தேய்த்தாள். புதுப் பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பிரித்து, பள்ளத்தைப் பொடி போகும்வரை துடைத்தாள். "நான் இத மாட்டுறதுக்குள்ள நீங்க போயி மாமாட்ட சொல்லுங்க" என்றாள்.

"மொதல்ல உன் தேர்வு முடியட்டும். அப்பறமாப் பக்குவமாச் சொல்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குப் பக்குவம் மட்டும் எப்போதும் கைவசம் இருக்கும். அவள் புது ரேமை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். திரை பளிச்சென்று எழுந்தது.

சத்தம் கேட்டுக் கண்ணுச்சாமி உள்ளே வந்தார். ஒளிர்ந்த திரையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "நான் சொல்லல? இவென் உக்காந்தா முடிஞ்சுபோச்சு. இத மொதல்லயே இவென்ட்ட விட்டிருந்தா இம்புட்டுப் பாடு உண்டா?"

பவதாரிணி கணவனையே பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்று ஒரு நொடி நம்பத்தான் செய்தாள்.

"சின்னப் பிரச்சினதாம்ப்பா" என்றான் சிவபாண்டி.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. திரையில் கோயம்புத்தூர்க்காரர்களின் அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதை எடுக்காமல் நாற்காலியோடு திரும்பினாள்.

"மாமா, நில்லுங்க. இத நிப்பாட்டுனது உங்க மகன். கேக்காமக் கொள்ளாம ரேம் பல்லுல சந்தனத்த அப்பிட்டாரு. நீங்க என்னைய வையும்போது தெரிஞ்சும் தெரியாத மாதிரி நின்னாரு. கண்டுபிடிச்சுத் துடைச்சு ஓடவச்சது நான்."

கண்ணுச்சாமி மகனைப் பார்த்தார். "நீயாடா?" சிவபாண்டி தரையைப் பார்த்தான். கிழவருக்கு வாயில் என்னவோ வந்தது, ஆனால் மருமகளை வைததுபோல மகனை வைய அந்த வாய்க்குப் பழக்கமில்லை. "சரி, சாமி காரியந்தானே" என்று முணுமுணுத்தார்.

"சரி. அப்ப என் காரியத்தையும் கேட்டுக்கங்க" என்றாள் பவதாரிணி. "ஒரு தடவ எழுதி வரலைன்னா விட்ரணும்னு வாக்கு வாங்குனீங்கள்ல. அந்த வாக்க நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். இது வரலைன்னா அடுத்ததுக்கு எழுதுவேன். அதுவும் வரலைன்னா அதுக்கு அடுத்ததுக்கு. இப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க, எனக்கு வேலை இருக்கு."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். அவள் எழுந்து கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து அழைப்பை எடுத்தாள்.