இரண்டு வகை ஒட்டு

எனக்குக் கர்வம் அதிகம் என்று கம்பெனியில் பேச்சு. இருக்கட்டுமே. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் முப்பத்தைந்து மார்க் வாங்கிய இந்தப் பரிபூரணம், தூத்துக்குடிக்குக் கிளம்பவிருந்த லாரியை நிறுத்தியவள். கர்வம் வராமல் என்ன செய்யும்?

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் லைனுக்கு லீடர் இல்லாமல் ஒரு மாதம் ஓடியது. வரிசைப்படி எனக்குத்தான் வரவேண்டும். சூப்பர்வைசர் கௌதம்ராஜ் சார் அதற்கு வழி விடவில்லை.

"ஆர்டர் தாள் பூரா இங்கிலீஷ்ல இருக்கும்மா. ஒனக்கு எங்க புரியப்போகுது? அடுத்த வாரம் காலேஜ் முடிச்ச பிள்ளை ஒண்ணு வருது, அதப் போட்டுக்கிடுவோம்" என்றார்.

வந்த ஆத்திரத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து, பெட்டிக்குள் வைக்கும் குறிப்புத் தாளை பஸ்ஸில் விரித்துவைத்து, போனைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாய்ப் பொருள் தேடினேன்.

"ஏட்டி, கலெக்டர் பரீட்சைக்கா படிக்க?" என்றாள் பக்கத்து சீட்டு நாகஜோதி.

"ஆமா. கலெக்டரானதும் மொத வேலையா ஒன்னயத்தான் ஊரு மாத்தப்போறேன்."

இரண்டு வார்த்தைகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. அட்ஹீசிவ், கோஹீசிவ். போனில் இரண்டுக்கும் 'ஒட்டக்கூடியது' என்றே வந்தது. எங்கள் கம்பெனியிலும் அதே கதைதான். இரண்டு வகைக் கட்டும் ஒரே தவிட்டு நிறம், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒட்டுக்கட்டு. தாளை முழுதாகப் படித்தபோதுதான் விளங்கியது. அட்ஹீசிவ் தோலில் ஒட்டும். கோஹீசிவ் தோலில் ஒட்டாது, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு அதுதான் சரி, பிரிக்கும்போது தோல் உரியாது.

போன வியாழக்கிழமை, அந்தக் காலேஜ் பிள்ளை வந்து சேருமுன்பே, வெளிநாட்டு முதியோர் இல்லங்களுக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மேலெல்லாம் கோஹீசிவ் என்று அச்சடித்திருந்தது. லாரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் ஸ்டோரிலிருந்து புது மூட்டைகள் வந்தன. மூட்டை பிரித்ததும் முதல் ரோலை மணிக்கட்டில் சுற்றி இழுவை பார்ப்பது எங்கள் பழக்கம். முதல் மூட்டையைப் பார்த்த நாகஜோதி, "நல்லா இழுக்கு" என்று அனுப்பிவிட்டாள். ஒட்டுக்கட்டு ஒட்டுகிறதே என்று யார் குறை சொல்வார்கள்? அடுத்த மூட்டை என்னுடையது. சுற்றிய ரோலைப் பிரித்தேன். பூனைமுடியெல்லாம் சுளீரென்று கூடவே வந்தது.

பெட்டியைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன்.

பெல்ட் சுவிட்சை லீடரும் சூப்பர்வைசரும் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டால் வீட்டுக்குத்தான். தெரிந்தேதான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

கௌதம்ராஜ் சார் ஓடி வந்தார். "யாரு நிறுத்துனது? லாரி நிக்குது!"

"நான்தான் சார். பெட்டி ஒண்ணு, சரக்கு ஒண்ணு. பெட்டி கோஹீசிவ். உள்ள போறது அட்ஹீசிவ்."

"ரெண்டும் ஒட்டுறதுதானம்மா! எனக்கே இங்கிலீஷ் சொல்லித்தாரியா? பையை எடுத்துட்டுக் கிளம்பு."

சத்தம் கேட்டு முதலாளி வைகுண்டராஜ் ஆபீஸிலிருந்து வந்து நின்றார். நான் விடவில்லை.

"ஐயா, செத்த நேரம் பொறுங்க. சார், கையக் கொஞ்சம் நீட்டுங்க."

முதலாளி பார்க்கிறாரே என்று நீட்டினார். சாருக்குக் கரடிக் கை. காலையில் மிஞ்சிய பழைய ரோலை அதில் சுற்றி, செத்த நேரம் விட்டுப் பிரித்தேன். ஒரு முடிகூட வரவில்லை.

"இது கோஹீசிவ். இப்ப மத்தது."

புது ரோலை அதே இடத்தில் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தேன்.

"ஆத்தீ!" என்று துள்ளிவிட்டார் சார். ரோலோடு ஒரு கொத்து முடி. நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, சாருக்கு வெறும் முடிதான் போச்சு. அங்க இதக் கட்டப்போறது எம்பது வயசு ஆளுங்களுக்கு. அவியளுக்குத் தோலே வந்துரும்."

முதலாளி பெட்டியின் எழுத்தை விரலால் தடவினார். "லாரியில ஏத்துனது எம்புட்டு?"

"காலையில ஏத்துனது சரியான சரக்கு. சாப்பாட்டுக்குப் பொறவு ஏத்துன பதினாலு பெட்டிய மட்டும் இறக்கணும்யா."

இறக்கினார்கள். எல்லாம் அட்ஹீசிவ். ஸ்டோரிலிருந்து சரியான ரோல்கள் வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை யாரும் என்னை மறுபடி போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

சரக்கு வந்ததும் முதலாளி, "கௌதம், பெல்ட்டைப் போடு" என்றார்.

சார் சுவிட்ச் வரைக்கும் போனார். முடி போன இடத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார்.

"பரிபூரணம், அந்தப் பையை வச்சிட்டு வா. இனிமே ஒன் லைன நீயே போடு."

லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நடந்து போய் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.