வியாழன் காலை பத்தரை

கண் ஆஸ்பத்திரிக்கென்று செய்திருந்த புதிய இணையத்தளத்தில் முதல் நோயாளியாக, ஒட்டுசுட்டானில் வயல்களை மேயும் காட்டு யானையைப் பதிந்தாள் கமலாட்சி. வயது இருநூறு. தளம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"இனிக் கண் தெரியாமல் வயலுக்க இறங்கீட்டன் எண்டு அவர் சொல்லேலாது."

முல்லைத்தீவுப் பயிற்சி நிலையத்தின் அந்தச் சின்ன அறை சிரித்தது. இணையத்தளங்களைப் பரிசோதிக்கப் பழகும் வகுப்பின் மூன்றாம் நாள். சனங்களின் கைக்குப் போகுமுன் தளத்தில் பிழை பிடிக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் ஏறுமாறாக நிரப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருதரம் ஒழுங்காகவும் நிரப்ப வேண்டும் என்று ஆசிரியர் ஜெயந்தன் சொல்லியிருந்தார். பெயரும் இலக்கமும் கற்பனையாக இருக்கட்டும் என்றும் சொன்னார்.

கமலாட்சிக்குப் பக்கத்தில் இருந்த ரஜிதா முதலில் பிறந்த திகதிக்கு அடுத்த வருடத்தைக் கொடுத்தாள். தளம் சிவப்பெழுத்தில் மறுத்தது. ஒழுங்கான பதிவுக்கு அவளுடைய கை தானாகவே அண்ணனின் பெயரை அடித்தது. சாருஜன். 1991 செப்ரெம்பர். தளமே கணக்கிட்டு 33 என்று காட்டியது. சரியா என்று விரல்விட்டு எண்ணினாள். சரிதான். பெயரைப் பதிந்ததும் விட்டுவிடுவோம் என்று ஆமி சொன்னதை நம்பி, யுத்தத்தின் கடைசி நாளில் வரிசையில் போய்த் திரும்பாதவனுக்கு அவள் மனதில் இன்னும் பதினேழுதான்.

அடுத்தது தொலைபேசி இலக்கம். அண்ணனைத் தேடி, பத்து வயதிலிருந்து அம்மாவுக்காக அவள் எழுதிய அத்தனை மனுக்களிலும் அந்தப் பெயருக்குக் கீழே அம்மாவின் இலக்கம்தான். யோசிக்காமல் அதையே அடித்து அனுப்பினாள்.

சற்றுநேரத்தில் அம்மா அழைத்தார்.  "கெதியா வா பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போதுதான் ஜெயந்தன் எழுந்து, தளத்திலிருந்து குறுஞ்செய்தி போகாமல் நிறுத்திவைக்கத் தான் மறந்துவிட்டதாகவும், உண்மையான இலக்கம் யாராவது கொடுத்தீர்களா என்றும் கேட்டார்.

முள்ளியவளை பஸ்ஸில், சொல்லவேண்டியதை மனதுக்குள் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள்.

அம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். சோறு அடிப்பிடித்து மணத்தது. சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு யோகநாதனைக் கூப்பிட்டு, போனுக்கு வந்த செய்தியை மூன்றுதரம் வாசிக்கச் சொல்லியிருந்தார். சாருஜன், வயது 33, கண் பரிசோதனை, வியாழன் காலை பத்தரை.

"அவனுக்குக் கண்ணில என்ன பிள்ளை?"

 ரஜிதா நிலத்தில் இருந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் அம்மா. வகுப்பில பழகிறதுக்கு நான்தான் போட்டனான். அண்ணை போடேல்லை."

 அம்மா கோபிக்கவில்லை.

"அப்ப வியாழக்கிழமை அவன் அங்க வரமாட்டான்."

ரஜிதா எழுந்துபோய் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள்.

அம்மாவின் கையிலிருந்த போனில், அண்ணனின் பெயர் தெரிந்த திரை மங்கத் தொடங்கியது. அவர் பெருவிரலால் மெல்லத் தொட்டார். வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் தொட்டார்.