மிச்சம் வைத்த கோழி

சான்ட்ராவின் மெட்டிக்கடியில் ஒரு கோழியிறகு ஒட்டியிருந்தது. சவப்பெட்டியின் கால்மாட்டில் குந்தியிருந்த கிளாட்சன் அதை நகத்தால் சுரண்டினான். ரத்தம் காய்ந்து இறுகியிருந்தது. பிரேதப் பரிசோதனையில் அறுத்துத் தைத்தவர்கள் இதை விட்டுவிட்டிருந்தார்கள்.

பின்னால் மாமனார் ரெமிஜியஸ் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு தரையில பாய் போட்டுப் படுத்திருந்துச்சு. கட்டுவிரியன் கடிச்சிடுச்சு. மாப்ள தஞ்சாவூர்லேந்து போன்ல, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. நான்தான், வைத்தியர்கிட்ட காட்டிட்டுப் போவோம்னேன். கோழியோட பின்பக்கத்தக் கீறி கடிவாய்ல வெச்சு, அலக இறுக்கிப் பிடிக்கணும். அது பின்னால மூச்சு இழுக்கும். மூச்சோட விஷமும் ஏறிடும்."

அவர் கைகள் காற்றில் ஒரு கோழியை அமுக்கிக் காட்டின.

"கோழி செத்துச்சா?" என்றார் ஒருவர்.

"ஒண்ணொண்ணாத் தலையத் தொங்கப் போட்டுடுச்சு. விஷம் எறங்கிடுச்சுங்க. அப்புறம் ஆஸ்பத்திரில லேட்டு லேட்டுன்னு சொல்லிக்கிட்டே மருந்து ஏத்துனாங்க. அதுதான் தாங்கல."

மூச்சை அடைத்தால் எதுதான் சாகாது. கிளாட்சன் இறகை மறுபடி சுரண்டினான். அது பிய்ந்து வந்தது.

சுவரோரம், அதே பாயில் மகள் லின்சி தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது.

"புள்ளய என்ன பண்றது? அவரு வேலைக்குப் போவணும்ல" என்றாள் ஒரு சித்தி.

ரெமிஜியஸ் வந்து அவன் தோளில் கை வைத்தார். கையில் இன்னும் கோழி எச்சத்தின் வாடை.

"லின்சி இங்கயே இருக்கட்டும் மாப்ள. பயப்படாதீங்க. ஒரு கோழிய மட்டும் கொல்லையில கட்டி வெச்சிருக்கேன்."

"எதுக்கு மாமா?"

"புள்ளைக்கித்தான். எதுக்கும் இருக்கட்டும்னு."

அவர் கண்கள் நிறைந்திருந்தன. அது நடிப்பில்லை என்பதைத்தான் கிளாட்சனால் பொறுக்க முடியவில்லை.

கொல்லைக்குப் போனான். கோழியின் கால்கட்டை அவிழ்த்தான். அது ஓடவில்லை. அவிழ்த்த பிறகும் இரண்டு காலையும் சேர்த்தே வைத்துக்கொண்டு கிடந்தது.

உள்ளே வந்து லின்சியைப் பாயிலிருந்து தூக்கினான். உபதேசியார் செபப் புத்தகத்தைத் திறந்தார்.

"எங்க மாப்ள தூக்கிட்டுப் போறீங்க?"

"எங்கயும் போகல. அடக்கம் முடிஞ்சதும் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒத்த ஆளா என்ன பண்ணுவீங்க?"

"அங்க கட்டில் இருக்கு மாமா. கொசுவலை இருக்கு."

ரெமிஜியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செபம் தொடங்கிவிட்டது.

லின்சி தூக்கத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகைத் தட்டினான். ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் அந்த இறகு இருந்தது. அந்த விரலை மட்டும் அவள் சட்டையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு தட்டினான்.