ஆளுநரின் தலையசைப்பு

செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு முதல்வர் டன்ஸ்டன் கீப்பிங் ஆளுநர் மாளிகைக்கு வருவார், தேநீர் குடிப்பார், சொல்வதைக் கேட்பார். காதுகொடுத்துக் கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த மாகாணத்தில் மன்னரின் இடத்தில் இருக்கும் ஆளுநர் வெர்னா பார்டி எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் முன்பே முடிவுசெய்ததைச் செய்யக் கிளம்பிவிடுவார். முறையும் அதுதான். ஆளுநர் யோசனை சொல்லலாம், எச்சரிக்கலாம். முடிவு ஓட்டு வாங்கி வந்தவருடையது.

அந்தச் செவ்வாயன்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஹார்ன்சி தீவுப் படகை இன்னும் ஒரு குளிர்காலம் மட்டும் விடக்கூடாதா?"

"பதினோரு வீடுங்க, மேடம். ஒருத்தரத் தவிர எல்லாரும் கிளம்பறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. படகும் கரண்டும் இனிமே கட்டுப்படியாகாது."

"அந்த ஒருத்தர் எங்க அண்ணன்."

"தெரியும். நீங்க சொன்னத மனசுல வெச்சுக்கறேன்," என்றார் கீப்பிங்.

மனதில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். வியாழனன்று சட்டமன்றத்தில் தீவுக்குப் படகையும் கரண்டையும் நிறுத்தும் மசோதா நிறைவேறியது. இனி வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆளுநர் அவைக்குப் போய்த் தலையசைத்தால் அது சட்டம்.

அண்ணன் ஹெட்லிக்கு எழுபத்தாறு வயது. தீவிலேயே பிறந்து, காட் மீன் பிடித்து, மனைவியையும் அங்கேயே புதைத்தவர். தலைநகருக்கு வந்து இறங்கியதும் தங்கைக்கு போன் போட்டார்.

"ஏய் வெர்னா, நீ தலையாட்டினாத்தான் சட்டமாமே?"

"ஆமா."

"அப்ப ஆட்டாத. இதுல என்னடி கஷ்டம்? கழுத்த விறைப்பா வெச்சுக்க."

"அப்படிச் செய்யக் கூடாது, ஹெட்லி. எனக்குத் தெரிஞ்சு இங்க எந்த ஆளுநரும் செஞ்சதில்ல."

"பின்ன எதுக்கு உன்ன அங்க உக்கார வெச்சிருக்காங்க? நம்ம வீட்டு வெளக்க அணைக்கவா?"

போனை வைத்துவிட்டு வெர்னா அழுகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடைபோல மனசு மரத்துக் கிடந்தது. உதவியாளர் நீட்டிய கையுறைகளைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

மூன்று மணிக்கு அவை எழுந்து நின்றது. அவள் போய் நாற்காலியில் அமர்ந்தாள். அவைச் செயலாளர் ஆம்ப்ரோஸ் பிக்கோ இருபத்திரண்டு வருடமாக இதே வேலையைச் செய்கிறவர். மசோதாவின் பெயரை வாசிப்பார், நிமிர்ந்து பார்ப்பார், ஆளுநர் தலையசைத்ததும், "மன்னரின் பெயரால் ஆளுநர் இசைவளிக்கிறார்" என்று அறிவிப்பார். சாலைக்கு உப்புத் தூவும் சட்டம் வந்தது. தலையசைத்தாள். பள்ளி வாரியச் சட்டத்துக்கும், நாய் உரிமச் சட்டத்துக்கும் அசைத்தாள்.

நான்காவதாக ஹார்ன்சி தீவு.

கழுத்து அசையவில்லை. அசைக்கக் கூடாது என்று அவள் முடிவொன்றும் எடுத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு நின்றுவிட்டது. பிக்கோவோ மூன்று முறை நிமிர்ந்து பார்த்த அலுப்பில், இந்த முறை தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மன்னரின் பெயரால் ஆளுநர் இசைவளிக்கிறார்," என்று அறிவித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

யாரும் கவனிக்கவில்லை. கீப்பிங் பக்கத்து அமைச்சரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையாளர் மாடத்தில் மட்டும் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி பாதி எழுந்து நின்றார். ஹெட்லி.

'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். அவை ஆடிப்போகும், வக்கீல்கள் ஓடிவருவார்கள், அந்த அமளியில் படகுக்கு ஒரு குளிர்காலம் கிடைத்தாலும் கிடைக்கும். இது அவளுக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பிக்கோ ஐந்தாவது மசோதாவின் பெயரை வாசித்து நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையசைத்தாள். மன்னருக்கான பாட்டைப் பாடி முடித்ததும் வெளியே நடந்தாள்.

நடைக்கூடத்தில் ஹெட்லி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நீ ஆட்டல. நான் பாத்தேன்."

"ஆமா. ஆட்டல."

"அப்ப உள்ள போய்ச் சொல்லுடி! இன்னும் யாரும் கலையல."

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே பிக்கோ தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது.

"சொல்ல மாட்டேன், ஹெட்லி. அவங்களுக்கெல்லாம் ஜனங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. எனக்கு யாரு போட்டா?"

ஹெட்லி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கேட்டிருந்தா நான் போட்டிருப்பேனே," என்றார்.