வாங்குகிற தராசு

மைத்துனன் வெல்டருக்குத் தரவேண்டிய பாக்கி நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது. அவனுடைய காயலான் கடைக்கு இரும்புக் கதவும் கூரையும் அடித்துக் கொடுத்த கூலி. வெல்டர் அதைப் பட்டறைக் கதவில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருந்தார். மைத்துனன் எப்போது வந்தாலும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டியே நிற்பான்.

பட்டறையின் பின்பாதியை விமானம் அடைத்துக்கொண்டிருந்தது. கூலி வேலை முடித்து வந்து, இடுப்பு வலியோடு நான்கு வருடம் குழாய் குழாயாக ஒட்டியது. இரண்டு பேர் உட்காரலாம். இரண்டாவது இருக்கையில் மனைவி தன் கையால் தைத்த மெத்தை கிடந்தது. இல்லாதது எஞ்சின்தான்.

எல்லாம் சேர்த்து எழுபது கிலோவுக்கு மேல் எஞ்சின் இருந்தால் ஒற்றை ஆள்தான் ஏறலாம் என்று வரைபடம் கறாராகச் சொன்னது. பறக்கும் சங்கத்து மெக்கானிக்கிடம் ஐம்பத்தெட்டு கிலோவில் ஒன்று இருந்தது. விலை ஐம்பதாயிரம். வெல்டரிடம் அதில் பாதிகூட இல்லை.

“மாமா, அவ்வளவு காசு எதுக்கு? நம்ம கடையில கார் எஞ்சின் கெடக்கு. எடுத்துக்குங்க, பாக்கியை அழிச்சிடுங்க” என்றான் மைத்துனன்.

கடைக்குப் போனார்கள். எஞ்சினைத் தராசில் ஏற்றினான். அறுபத்தெட்டு. “பாத்தீங்களா? ரெண்டு கிலோ மிச்சம்!”

மனைவியும் ஆசைக்கு ஏறி நின்றாள். அறுபது. முகமெல்லாம் பல். “ஏங்க, நான் எளைச்சிருக்கேன்!”

அறுபத்தெட்டுக்குக் கணக்குப் போட்டு, வெல்டர் எஞ்சினை முன்னால் பூட்டினார். சமமாக நிற்க வேண்டிய புள்ளியில் சங்கிலி கட்டி விமானத்தைத் தூக்கினார். அது மெல்ல மூக்கைத் தாழ்த்தி, தரையில் எதையோ தொலைத்தது போலக் குனிந்து நின்றது.

வெல்டர் மூன்று முறை கணக்கைத் திருப்பிப் போட்டார். எழுத்தும் கணக்கும் வயதான பிறகு படித்தவை. தன் மேல்தான் சந்தேகம். “நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்.”

“மாமா கணக்கு எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான்” என்றான் மைத்துனன்.

மனைவி மெத்தையைத் தடவிக்கொண்டு நின்றாள். திடீரென்று தம்பி பக்கம் திரும்பினாள். “டேய், போன வாரம் டாக்டர்கிட்ட நான் அறுபத்தேழு. சரியா சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உன் கடைக்கு வந்ததும் ஏழு கிலோ எங்கடா போச்சு?”

மைத்துனன் காதைச் சொறிந்தான்.

“உன்கிட்ட ரெண்டு தராசு இருக்குல்ல? எங்களை எதுல ஏத்தினே?”

“வாங்குற தராசுலக்கா... பழக்கதோஷம்.”

ஊராரிடம் பழைய இரும்பு வாங்குவதற்கென்று குறைத்துக் காட்டும்படி அவன் திருகி வைத்திருந்த தராசு அது. வெல்டர் சாக்கட்டியை எடுத்துக் கதவில் எழுதினார். மனைவி அறுபத்தேழு, தராசில் அறுபது. அதே விகிதத்தில் எஞ்சின் அறுபத்தெட்டு அல்ல, எழுபத்தாறு. அவர் கணக்கில் பிசகே இல்லை.

வெல்டர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “இதோட நாங்க மேல போயிருந்தா? நாளைக்கே அந்தத் திருகைக் கழட்டு. எஞ்சினை வித்து மாமாவுக்கு நல்லதா வாங்கிக் குடு.”

திருகு கழன்றது. கார் எஞ்சினை ஒரு படகுக்காரர் எடுத்துக்கொண்டார். வாரக் கடைசியில் மெக்கானிக்கின் ஐம்பத்தெட்டு கிலோ எஞ்சின், மூன்று தராசுகளில் ஏறி இறங்கிப் பட்டறைக்கு வந்தது. எடை குறைந்ததற்கு ஈடாக வெல்டர் எஞ்சின் தாங்கியை ஒரு சாண் முன்னால் நீட்டி ஒட்டினார். சங்கிலியில் தூக்கியதும் விமானம் மேசை போல மட்டமாக நின்றது.

“அம்பதாயிரம் குடுத்தேன் மாமா. பாக்கி போக எனக்கு ஆயிரத்து முந்நூத்தம்பது வரணும்.”

“அது அபராதம்” என்றாள் அக்கா.

வெல்டர் துணியை நனைத்துக் கதவிலிருந்த பாக்கியைத் துடைத்தார். மைத்துனன் முதல் தடவையாகக் கதவை நேராகப் பார்த்தான்.

“ஏங்க, அந்த அறுபத்தேழையும் அழிச்சிடுங்க.”

“விமானக் கணக்கே அதுலதான் நிக்குது, அதை அழிச்சா உன் சீட்டும் போயிடும்டி” என்றார் வெல்டர்.

அவள் யோசித்தாள். “சரி, இருக்கட்டும். கொஞ்சம் சின்னதா எழுதுங்க.”