வெதுவெதுப்பான ஹார்ட் டிஸ்க்

பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது மேசைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று மணி நேரமாக யாரும் தொடாத பொருள் சூடாக இருக்க நியாயமில்லை. வீட்டில் இருந்தது என் நாத்தனார் மட்டும். உடனே கேட்டிருப்பேன், வாய் நிறையப் பஞ்சு. என் ராசி அப்படி.

அந்த டிஸ்க்கில் என் இரண்டு வருடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆற்றின் மேல் பாலம் கட்டினார்கள். அங்கே கிரேன் ஓட்டிய பெண்ணைப் பற்றி ஒரு மணி நேரப் படம். வெள்ளிக்கிழமைக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். யோசனை என்னுடையது, வெட்டி ஒட்டியது நான், அந்தப் பெண்ணைப் பேச வைத்ததும் நான். கேமரா பிடித்தது மட்டும் நாத்தனார். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். முப்பது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் கடைசியில் ‘உருவாக்கம்’ என்று என் பெயரை மட்டும் போட்டிருந்தேன். கேமரா பிடித்தவர் பெயரைப் போட்டால் அப்புறம் குடை பிடித்தவர் பெயரையும் போடச் சொல்வார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வாலுவிடம் சொல்லவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் பயம் இருந்தது.

அன்று ராத்திரி படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுக்கும்போதுதான் வம்பு வந்தது. நாலு ஜிபியைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே இடம். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். யாரோ என்ன, வாலுதான்.

மறுநாள் காலை என் புலம்பலைக் கேட்டு அவளே வந்து உட்கார்ந்தாள்.

“இந்த டிஸ்க் பழைய ஃபேட் முப்பத்திரண்டு ஃபார்மேட் அண்ணி. அதுல ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல போகாது. என்டிஎஃப்எஸ்ஸா மாத்திட்டா சரியாப் போயிடும். உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்.”

“அப்புறம் பிடிக்கலைன்னா பழையபடி மாத்திக்கலாமா?”

“முடியாது. எல்லாத்தையும் அழிச்சாத்தான் முடியும். அதனால முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம். என்கிட்ட வேற டிஸ்க் இருக்கு.”

வந்தது பார் விஷயம் வெளியே! காப்பியாம். அவள் டிஸ்க்கிலாம்.

“காப்பியெல்லாம் ஒண்ணும் வேணாம். அப்படியே மாத்து.”

“அண்ணி, நடுவுல கரண்ட் போச்சுன்னா…”

“போகாது. மாத்து.”

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தன் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். நான் நாற்காலியை இழுத்து அவள் தோளோடு தோளாக உட்கார்ந்தேன். அவள் மூச்சு விட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும். திரையில் ஏதோ கேள்வி வந்தது.

“என்ன கேக்குது?”

“டிஸ்க்கோட பேரு. தப்பான டிஸ்க்கை மாத்திடக் கூடாதுன்னு கேக்குது.”

“இப்போ எதுக்குப் பேரை மாத்தற?”

“மாத்தலை அண்ணி. இருக்கற பேரைத்தான் கேக்குது. நீங்களே அடிங்க.”

பாலம் என்று ஆங்கிலத்தில் நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சதவீத எண்கள் ஓட ஆரம்பித்தன. சும்மா இருக்காமல் வாலு பேச்சுக் கொடுத்தாள்.

“இனிமே இதுல இன்னொரு வசதியும் இருக்கு. எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாதுன்னு பூட்டுப் போடலாம்.”

“யாரு போடுவா?”

“யாரு ஓனரோ அவங்க.”

பேசிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் திரையையே பார்த்தேன். ஓனர். இது அவள் லேப்டாப். மாற்றுவது அவள் கணக்கில். முடிந்ததும் ஓனர் யார்? நேற்று டிஸ்க் சூடாக இருந்தது. எல்லாம் கோவையாக வந்து மண்டையில் உட்கார்ந்தது. எண் எழுபதைத் தாண்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் படத்துக்கு அவள் பூட்டுப் போட்டுவிடுவாள். கேபிளைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

திரும்பச் செருகியபோது, ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?’ என்று கேட்டது. எடுத்து மாட்டினேன், மறுபடி அதையே கேட்டது.

வாலு சமையலறையிலிருந்து வந்தாள்.

“தானா கழண்டுடுச்சு,” என்றேன், கேபிளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே.

அவள் கேபிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து எதை எதையோ அடித்துப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் அவள் தன் பையிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நேத்து நீங்க பல்லுக்குப் போனப்போ எடுத்தது. எல்லாம் இருக்கு.”

கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் கத்தினேன்.

“பாத்தியா! எனக்குத் தெரியும்! தொட்டப்பவே தெரியும்! திருட்டுத்தனமா என் படத்தை…”

“ஆமா, திருட்டுத்தனமாத்தான் எடுத்தேன். கேட்டா வேணாம்பீங்க. இன்னைக்குக் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?”

அந்த டிஸ்க்கைப் பிடுங்கி என் லேப்டாப்பில் செருகினேன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் படத்தைத் திறந்தேன். ஆரம்பத்தைப் பார்க்கவில்லை, கிரேன்காரப் பெண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக்குத் தள்ளி, பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன்.

‘உருவாக்கம்’ என்று இருந்தது. கீழே என் பெயர். அவ்வளவுதான்.

“நான் ஒண்ணும் மாத்தலை அண்ணி,” என்றாள் வாலு பின்னாலிருந்து. “சரியா காப்பி ஆச்சான்னு நேத்து முழுசாப் போட்டுப் பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன்.”

திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

“பாத்துட்டு ஏன் ஒண்ணும் கேக்கலை?”

“கேட்டா காப்பி எடுத்தது தெரிஞ்சுடும். உடனே அழின்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பேன். அவள் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருப்பேன்.