பதினோரு நிமிடம்

சைபர் போர் நாவல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவன் பத்து விநாடி தட்டுவான், ஊரே இருண்டுவிடும். குடிநீர் நிலையத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கிறவன் நான். அந்தக் கூத்தெல்லாம் என்னிடம் எடுபடாது.

அண்ணி தன் நாவலை நீட்டி, "தப்பு இருந்தா தயவுதாட்சண்யம் பாக்காம சொல்லுங்க தம்பி" என்றதும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அடேயப்பா! பழைய பிரிண்டரில் யாரும் மாற்றாத பாஸ்வேர்டு வழியாக எதிரி உள்ளே வருகிறான். வந்தவன் எட்டு மாதம் சும்மாவே இருக்கிறான். என் வேலையை என்னைவிட நன்றாகத் தெரிந்து எழுதியிருந்தார். பொறாமையாகக்கூட இருந்தது.

இருநூறாம் பக்கத்தில்தான் மாட்டினார். கதையின் விசாரணை அதிகாரி, மெஷின் பதிவில் இருந்த நேரத்தை நம்பாமல் மெஷின் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுகிறார். வட்டம் போட்டேன்.

"கம்ப்யூட்டர் நேரம் எங்கயாவது தப்புமா அண்ணி? அதுவே நெட்ல பாத்து சரிபண்ணிக்குமே."

"நெட்டே இல்லாத மெஷினுக்கு?"

நாவலுக்காக மூன்று மாதம் ஒரு மின்நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு மெஷினின் நேரம், பக்கத்திலேயே அவர் கைக்கடிகாரத்தின் நேரம். ஓரிடத்திலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

பேனாவை மூடி வைத்தேன். பாதுகாப்புக்காக பம்பையும் குளோரினையும் இயக்கும் எங்கள் மெஷினிலும் நெட்டைத் துண்டித்தவன் நானே. போன மாதம் யாரோ தண்ணீரில் குளோரின் அளவை மாற்றிவிட்டார்கள். பதிவில் மதியம் ஒன்று ஐம்பத்தைந்து. இரண்டு மணிவரை ஷிப்டில் இருந்த ஆபரேட்டர்தான் செய்தார் என்று அறிக்கை கொடுத்திருந்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கும் கூட்டம் மறுநாள்.

காலையில் முதல் ஆளாக ஓடினேன். என் போனில் எட்டு மணி. மெஷினில் ஏழு நாற்பத்தொன்பது. அப்படியானால் அளவை மாற்றியது இரண்டு ஆறுக்கு. வாசல் பதிவேட்டின்படி ஆபரேட்டர் அன்று இரண்டு மணிக்கே வெளியேறியிருந்தார். அட மடையா, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன்.

"நான் கிளம்புறவரைக்கும் அளவு சரியாத்தான் இருந்துச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார்.

"சொன்னீங்க. நான்தான் உங்கள விட்டுட்டு மெஷின நம்பினேன். மன்னிச்சிடுங்க."

மாலையில் நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். இருநூறாம் பக்கத்தில் என் வட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதியிருந்தேன்.